பயோடேட்டாவும் கையுமாக ஈ.சி.ஆரில் ஐந்து நாள்

என் மாமனார் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை. அதற்குள் உள்ளூரில் வேலை கிடைக்காவிட்டால் என் பாஸ்போர்ட் ஏஜென்டிடம் போய்விடும், பின்னாலேயே நானும் மஸ்கட்டுக்குப் போக வேண்டியதுதான். செங்கல்பட்டில் நான் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த சர்வீஸ் கடையை ஓனர் மூடிவிட்டார். மகளுக்கு அப்போது நான்கு மாதம். என் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்த பிள்ளையை இரண்டு வருடம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. மாமனாரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இருபது வருடம் அங்கே உழைத்தவர், எனக்காக நாலு பேரிடம் கேட்டு விசாவுக்கு ஏற்பாடு செய்தவர்.

ஆன்லைனில் போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டுகள். உப்புக் காற்று எந்த ஏ.சி.யையும் சும்மா விடாது. ஆகவே மெக்கானிக் தேவைப்படாத ரிசார்ட்டே இருக்க முடியாது என்பது என் கணக்கு.

1. திங்கள்: ராஜ மரியாதை

தம்பியின் ஷூ, கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட், கழுத்தில் டை. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ மாறி, திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட் முன்னால் இறங்கினேன். செக்யூரிட்டி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெண் குளிர்ந்த துண்டும் கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத்தும் கொடுத்தார். நல்ல வெயில். வாங்கிக் குடித்துவிட்டேன். "எந்த பேர்ல புக்கிங் சார்?" என்று கேட்டபோதுதான் பயோடேட்டாவை நீட்டினேன். அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

வெளியே வந்தால் செக்யூரிட்டி முறைக்கிறார். "இன்னா அண்ணாத்த, முன்னாடியே சொல்லக் கூடாதா? சல்யூட் வேற அட்ச்சுத் தொலைச்சேன். வேலைன்னா பின்னாடி கேட்டுக்குப் போ."

அன்றைக்கும் மறுநாளும் ஆறு ரிசார்ட்டுகளின் பின்பக்கக் கேட்டைப் பார்த்தேன். எங்கும் ஒரே பதில்: "குட்துட்டுப் போங்க, கூப்டுவாங்க."

2. புதன்: வாய்க்கொழுப்பு

மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் அதிர்ஷ்டம் அடித்த மாதிரி இருந்தது. பின்கேட்டுக்கு உள்ளேயே சீஃப் இன்ஜினியரும் ஜி.எம்.மும் பேசிக்கொண்டு நின்றார்கள். பக்கத்துச் சுவரில் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

"சார், மூணாவது யூனிட்ல ஃபேன் மோட்டார் பேரிங் போச்சு. சத்தத்துலயே தெரியுது. ரொம்ப நாளா கவனிக்கல போல."

ஜி.எம். திரும்பி சீஃபைப் பார்த்தார். சீஃப் என்னைப் பார்த்தார். "யாருய்யா இவன உள்ள வுட்டது?" என்று கத்தினார். மூன்றே நிமிடத்தில் நான் ரோட்டில் நின்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி ஷமீம் விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணம் பேச வந்தப்பவே, சபையில உக்காந்துகினு எங்க அத்தா கிட்ட 'உங்க ஃப்ரிட்ஜுல கேஸ் லீக்கு'ன்னு சொன்ன ஆளாச்சே நீங்க. அத்தா மூஞ்சே செத்துப்போச்சு. நாலு பேர் எதிர்ல சொல்லாதீங்க. தனியா கூப்ட்டு சொல்லுங்க."

"லீக் இருந்துச்சே?"

"இருந்துச்சு. அதான் பிரச்சனையே."

3. வெள்ளி: பச்சைப் புல்

வியாழக்கிழமையும் வீணாகப் போனது. வெள்ளி காலை, கடைசியாக ஒரு ரிசார்ட். இந்த முறை கேட்டுக்குப் போகாமல் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். மெயின்டனன்ஸ் ஆட்கள் பத்து மணிக்கு அங்கேதான் வருவார்கள் என்று கடைக்காரர் சொன்னார். வந்தவர்களில் அந்த ரிசார்ட்டின் சீஃப் இன்ஜினியர் தேவராஜும் ஒருவர். டீயைக் குடிக்காமல் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஹாலு ஏ.சி. ட்ரிப் ஆயிகினே கீது. சாயங்காலம் ரிசப்ஷன். நீ நாளைக்கு வரேன்றியே!"

அவர் போனை வைத்ததும் பக்கத்தில் போனேன். பயோடேட்டாவை எடுக்கவில்லை. "சார், நான் ஏ.சி. மெக்கானிக். ஒரு தபா பாக்கட்டுமா?"

தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "இந்த ஷூவோடவா?"

"கழட்டிடறேன் சார்."

ஹாலுக்குப் பின்னால் நான்கு அவுட்டோர் யூனிட்டுகள். போட்டோவில் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று டெக்கரேஷன்காரர்கள் அவற்றைச் சுற்றிச் சட்டம் அடித்துப் பச்சைப் பிளாஸ்டிக் புல்லைக் கட்டி மூடியிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அனல் காற்று வெளியே போக வழியில்லை. உள்ளேயே சுற்றி பிரஷர் ஏறி, மெஷின் தானாக நின்றுவிடுகிறது. பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த ரிசார்ட்டின் ஜி.எம். வந்து நின்றார். "இன்னா ஆச்சு, தெரிஞ்சுதா?"

நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். தேவராஜை ஓரமாக அழைத்துக் காதோடு சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. முந்தின நாள் அந்தப் புல்லைக் கட்டச் சம்மதம் கொடுத்தவரே அவர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேருமாகப் புல்லைப் பிரித்துப் போட்டோம். ஆறவிட்டு ரீசெட் செய்தேன். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஹால் ஜில்லென்று ஆனது.

"சபாஷ் தேவராஜ்!" என்றார் ஜி.எம்.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். தேவராஜ் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால் என் கதை முடிந்தது.

"சார், புல்லு கட்ட ஓகே சொன்னது நானு. தப்பு என்னுது. கண்டுபுட்ச்சது இவரு" என்றார் தேவராஜ். பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேரு இன்னாபா?"

"சாதிக் சார்."

"சாதிக் எனக்கு வேணும் சார்."

இப்போது அதே ரிசார்ட்டில் நான் சீஃப். வாயை அடக்கியதால்தான் வேலை கிடைத்தது என்று ரொம்ப நாள் பெருமை பேசியிருக்கிறேன். அது பாதி உண்மை. தேவராஜ் சார் வாயைத் திறந்ததால்தான் கிடைத்தது. வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நேரில் போங்கள். அவர்கள் உங்களைப் பார்க்கட்டும், நீங்களும் அவர்களைப் பாருங்கள். தப்பை யார் தலையில் போடுகிறார் என்று பார்த்தால் போதும், அந்த ஆளிடம் வேலை செய்யலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், மாமனார் என் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேலை கிடைச்சுட்ச்சு மாமா. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டை ஷமீமிடம் நீட்டி, "பீரோவுல வெச்சுடும்மா" என்றார். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ அம்மா மொத தபா நடந்தத நான் போட்டோவுலதான் பாத்தேன். போட்டோவுல எங்க நடக்கறது? நின்னுகினுதான் இருந்தா."