தொட்டிக்குச் சாணி, முகத்துக்குக் கிருமிநாசினி

2006ஆம் வருடம் என்று நினைக்கிறேன். திருப்பூரை அடுத்த மங்கலம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். அழுக்கைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பதுதான் என் பொறுப்பு. அவற்றுக்குச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். துணி வெளுத்த பிளீச்சிங் தண்ணீரை யாராவது அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் அவ்வளவுதான், எல்லாம் செத்துவிடும். இதற்காக டையிங் மாஸ்டரோடு நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முகம் நிறையப் பரு வேறு. ஏற்கெனவே என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பியிருந்தது. அடுத்த மாதம் உடுமலையிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிருமியைக் கொன்றால் பரு போகும் என்று நானே முடிவுகட்டி, புண் கழுவும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவினேன். பத்தே நாளில் தோல் உரிந்து, பரு இரண்டு மடங்காகிவிட்டது.

"ஏஞ்சாமி, தோலையே உரிச்சுப்போட்டியே!" அம்மா அழாத குறை.

திருப்பூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். என்ன வேலை என்று கேட்டார். பெருமையாகத் தொட்டிக் கதையை அளந்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தொட்டில பிளீச்சிங் ஊத்துனா சண்டைக்குப் போறீங்க. மூஞ்சில மட்டும் நீங்களே ஊத்திக்கறீங்க! தோல் மேலயும் நல்ல பாக்டீரியா குடியிருக்குதுங்க. பருவைக் கிளப்பற கெட்ட கிருமிய அதுதான் அடக்கி வெச்சிருக்கும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு களிம்பு எழுதிக்கொடுத்து, காலையும் மாலையும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், நல்லவை தானாகப் பெருகிவிடும் என்று அனுப்பினார்.

இதைப் போய்ப் பட்டறையில் என் தோழியிடம் உளறிவிட்டேன். மறுநாளே டையிங் மாஸ்டர் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், மூஞ்சிக்கும் ரெண்டு கூடை சாணி கரைச்சு அனுப்பட்டுங்களா?"

பட்டறையே சிரித்தது.

அந்த நாளும் வந்தது. எரிச்சல் அடங்கியிருந்தாலும் பாதிப் பரு அப்படியே இருந்தது. பவுடர்கூடப் பூசக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. மாப்பிள்ளையோடு தனியாகப் பேச விட்டார்கள். இந்தச் சம்பந்தமும் போய்விடும் என்ற பயத்தில், தலை நிமிராமலே, கிருமிநாசினிக் கதையைப் படபடவென்று ஒப்பித்துவிட்டேன். போச்சு என்று நிமிர்ந்தால், அவர் தாடையைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த டாக்டரு எங்கீங்க இருக்கறாங்க?"

அட கடவுளே! அவர் முகத்தில் என்னைவிட அதிகப் பரு! எங்களுக்கு அனுப்பிய போட்டோவில் ஸ்டுடியோக்காரர் அதையெல்லாம் அழித்திருக்கிறார். நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த தை மாதமே கல்யாணம்.

ஒரு மாதமாக என் முகத்தையே நினைத்துப் பயந்து செத்த நான், அவரும் அதே பயத்தோடு உடுமலையில் பஸ் ஏறியிருப்பார் என்று யோசிக்கவே இல்லை. இன்றும் யாரையாவது பார்க்கப் பயமாக இருந்தால், முதலில் தலை நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறேன்.