கறவைக்காரரும் கடிக்கிற ஈயும்

எங்கள் தெருவில் மாடு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே கறவைக்காரர்தான். மாட்டோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கறப்பார். அதில் பாதியாவது தன்னிடம் பேசலாம் என்பது அவர் மனைவியின் குறை.

அந்த வருடம் மழை காலம் தப்பிப் பெய்தது. புதிதாக உயர்த்திப் போட்ட சாலை வாய்க்காலை அடைத்துவிட்டதால், தெருவுக்குப் பின்னால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. பிறகு வெயில் கொளுத்தியது. ஊறிய வைக்கோலிலும் சாணத்திலும் கடிக்கிற ஈ பெருகியது. மாடுகள் வாலைச் சுழற்றிச் சுழற்றி ஓய்ந்துபோயின.

முதலில் தையல்கார அக்காவின் சிவப்புப் பசு தீனி எடுக்கவில்லை. கறவைக்காரர் அதன் மடியில் கைவைத்தார், கொதித்தது. விலாவைத் தடவினால் தோலெங்கும் கோலிக்குண்டு போலக் கட்டிகள்.

மாட்டு டாக்டர் வந்தார். "தோல் கழலை நோய். வைரஸ். இதுக்குன்னு தனியா மருந்து இல்ல. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் பாக்க முடியும். மத்த மாட்டுக்குத் தடுப்பூசி போடணும், அதுவும் இன்னும் வந்து சேரல."

"ஈய எப்படி சார் ஒழிக்கிறது?" என்று கேட்டார் கறவைக்காரர்.

"தொழுவம் காயணும். அந்தத் தண்ணி வடியணும்."

கறவைக்காரர் மண்வெட்டியோடு போய்ச் சாலையோரம் வெட்டிப் பார்த்தார். பள்ளம் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து கிடந்தது. வெட்டிய குழியிலும் தண்ணீர் நின்றதுதான் மிச்சம். தொழுவத்தில் புகை போட்டார். காற்று புகையை ஒரு பக்கம் அள்ளிப் போக, ஈ மறுபக்கமாக வந்தது.

நோய் வீடு வீடாகத் தாவியது. மளிகைக் கடையில் யாரோ சொன்னார்கள்: "ஈ எல்லா வீட்டுக்கும் போவுது. கறவைக்காரரும்தான் போறாரு."

மறுநாள் அவர் கறக்கப் போனபோது, அதே தெருவிலிருந்த கண்டக்டர் மனைவி கதவைத் திறக்கவில்லை. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நாங்களே கறந்துக்கறோம்."

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தாம்மா வர்றேன்."

"தெரியும்ணா," என்றாள். கதவு அப்படியே இருந்தது.

அவர் நேராக டாக்டரிடம் போனார். "என் கையாலயா சார் பரவுது?"

"பெரும்பாலும் ஈயாலதான்."

"அப்போ என் கையால இல்லைன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ண என்னால முடியாதுய்யா."

அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட்டது தையல்கார அக்கா மட்டும்தான். அவளுடைய சிவப்புப் பசுவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. கறவைக்காரர் புண்ணில் மொய்த்த ஈயை ஈரத்துணியால் ஓட்டிக்கொண்டு பசுவின் பக்கத்திலேயே இருந்தார். ஓட்டியது திரும்பி வந்தது. ஒரு மதியம் பசு தலையைச் சாய்த்தது. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தடுப்பூசி வந்தபோது பாதித் தொழுவங்கள் காலி. குளிர் தொடங்கியதும் பள்ளம் தானாகவே வற்றியது, ஈ குறைந்தது, நோயும் நின்றது. யார் செய்த எதனாலும் அது நிற்கவில்லை.

கறவைக்காரர் அதற்குள் தீவனக் கடையில் மூட்டை இறக்கப் போய்விட்டார். கண்டக்டர் மனைவி கடைக்கே வந்து கூப்பிட்டாள். "எங்களுக்குக் கறக்க வரல அண்ணா. மாடு உதைக்குது."

அவர் மறுபேச்சில்லாமல் போனார். பசுவின் உடம்பெல்லாம் தழும்பு. ஒரு காம்பு அடைத்துப்போயிருந்தது. மற்ற மூன்றிலும் வந்த கொஞ்சப் பாலைக் கறந்து அவளிடம் கொடுத்தார்.

"இனிமே இவ்வளவுதானா அண்ணா?"

"தெரியலம்மா," என்றார்.