பிடரிச் சுழி

இன்று மாலை தொலைக்காட்சியில் டெர்பி பந்தயம். ஓடப்போகும் பதினொரு குதிரைகளையும் நடத்திக் காட்டினார்கள். ஒன்றின் கழுத்தில் முடி சுழித்திருந்ததைப் பார்த்ததும் எங்கள் வண்டிக் குதிரை செவலை நினைவுக்கு வந்தது.

சாக்கோட்டை குதிரைவண்டிப் பந்தயத்துக்கு முதல் நாள், பக்கத்து வீட்டு மாமா அப்பாவிடம் சொன்னார்: “கழுத்துல கெட்ட சுழி மாப்ள. குடும்பத்துக்கு ஆகாது. சூடு வச்சு அழிச்சிருங்க, இல்லைன்னா ஓட்டாதீக.”

“காலுதான் மாமா ஓடுது. சுழி அதுபாட்டுக்குக் கெடக்கு,” என்றார் அப்பா.

மறுநாள் காலையில், சுழியை மறைத்திருந்த பிடரிமயிரைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். செவலை மூன்றாவதாக வந்தது. பரிசு இரண்டு வண்டிகளுக்குத்தான். அப்பா இறங்கி, நுரை தள்ளிய குதிரையை, சுழி இருந்த பக்கம் கூட்டத்துக்குத் தெரியும்படி மெல்ல நடத்திக் கூட்டிவந்தார்.