லோற்றவும் என் இடப்பக்க இடுப்பும்

இந்த நாட்டில் குதிரைக்கு நாரி பிடித்து முதுகு நொந்தால் அதற்கென்றே படித்த ஒருவர் லாயம் தேடி வருகிறார். ஜேர்மனிக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும் எனக்கு இது இன்னும் பழகவில்லை. கை கழுவி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சுகம் விசாரித்துவிட்டுத்தான் அந்த மனிதர் குதிரையைத் தொடுவார். பிறகு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல்களால் அழுத்திக்கொண்டே போவார். ஒரு பனிக்காலக் காலையில் அவர் லோற்றவின் முதுகில் வலப்பக்கமாக ஓரிடத்தை அழுத்தியபோது, அவள் காதுகளைப் பின்னுக்கு மடக்கி வாலை வீசினாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குதிரையில் பிழை இல்லை, ஏறி இருக்கிறவரில்தான் பிழை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

லோற்ற ஒரு மண்ணிறப் பெட்டைக் குதிரை. இங்கே ஒரு குதிரையைச் சிலர் சேர்ந்து பார்ப்பது வழக்கம். ஆளுக்கொரு நாள் ஏறலாம், ஆளுக்கொரு நாள் சாணி அள்ளலாம். அப்படி ஒரு பங்கு என் மகளிடம் இருந்தது. அவள் பல்கலைக்கழகத்துக்கு வேறு நகரம் போனபோது, லோற்றவிடம் விடை சொல்லிவிட்டு வருவோம் என்று கரட்டுடன் நான் போனேன். கரட்டைத் தின்று முடித்தவள் நெற்றியை என் தோளில் வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பொல்லாத கெட்டிக்காரி. அடுத்த கிழமையும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன், மகளின் பங்கை நானே எடுத்துக்கொண்டேன். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்யும் நான், தலை நரைக்கிற வயதில் குதிரையேறத் தொடங்கியது இப்படித்தான். இதைக் கேள்விப்பட்டு இந்த நகரத்து எங்கள் சனம் என்னவெல்லாம் கதைத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயிற்றுநர் பிறிகிற்ற சிரிப்பதற்கும் திட்டுவதற்கும் ஒரே முகத்தை வைத்திருக்கிறவர். அவர் கற்பிப்பது ட்றெசூர். அதில் ஓட்டப்போட்டியும் இல்லை, தடை தாண்டுதலும் இல்லை. நேர்கோட்டில் குதிரை நேராகப் போக வேண்டும், வட்டத்தில் வட்டமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை வாயாலும் சொல்லக்கூடாது, கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் சொல்லக்கூடாது. இருக்கிற இருப்பில் பாரத்தைக் கொஞ்சம் மாற்றினால் குதிரைக்கு விளங்க வேண்டும். வலப்பக்கமாகச் சுற்றினால் லோற்றவும் நானும் அழகாகத்தான் போவோம். இடப்பக்கம் திரும்பினால் எங்கள் வட்டம் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும். "ஷீஃப்!" என்று நடுவில் நின்று பிறிகிற்ற கத்துவார். கோணல் என்று அர்த்தம். என் இடப்பக்க இடுப்பு மேலே ஏறி, இடை மடிந்து, முழுப் பாரமும் வலப்பக்கத்தில் போய் விழுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. லோற்றவின் நோவுக்கும் அதுதான் காரணம்.

"நீ இடப்பக்கத்தில் எதைச் சுமக்கிறாய்?" என்று முதுகு பார்த்தவர் வந்துபோன அன்றைக்குப் பிறிகிற்ற கேட்டார்.

"என் தம்பியை" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது அதுதான்.

"எவ்வளவு பாரம்?"

"இப்போது நூறு கிலோவுக்குக் கிட்ட இருப்பான்."

நான் பகிடியாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த கிழமை என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவியாக ஆட்கள் வருவார்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தம்பி இலங்கையில் வயல் உழுகிற ரக்ரர் ஓட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறான், நான் அவனைச் சுமந்தது சின்ன வயதில் என்று விளங்கப்படுத்தினேன். "அப்படியென்றால் இனி இறக்கிவிடு" என்றார். கோடைக்குள் நேராக இருக்கப் பழகாவிட்டால் லோற்றவை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். குதிரையின் முதுகு முக்கியம், நானும் மறுக்கவில்லை. ஆனால் லாயத்துக்கு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

தம்பி ரூபன் பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அம்மா வயலுக்குப் போவா. அவன் என் இடுப்பில் இருப்பான். இடப்பக்கம்தான், வலப்பக்கம் மாற்றினால் எங்கள் ஊர் வட்டக்கச்சி முழுக்கக் கேட்கக் கத்துவான். ஒரு கையை என் முதுகுக்குப் பின்னால் விட்டுப் பின்னலைப் பிடித்துக்கொள்வான். அப்படியே நான் தண்ணீர் அள்ளினேன், அடுப்பு மூட்டினேன், பாடம் படித்தேன். சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஸ்கந்தபுரத்துக்கு நடந்தபோதும் அவன் அங்கேதான் இருந்தான். நடக்கிற வயதுதான், ஆனால் அன்றைக்கு அவன் இறங்க மாட்டேன் என்றான், நானும் இறக்கவில்லை. அன்று காலில் இருந்த நோவு ஞாபகமில்லை. என் கழுத்தில் பட்ட அவன் மூச்சின் சூடு ஞாபகமிருக்கிறது.

விசயத்தை அவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"குதிரைக்கும் மசாஜோ அக்கா? எனக்கு நாரி பிடிச்சா ஏனெண்டு கேக்க ஒரு நாயும் இல்லை."

"பகிடியை விடு. என்னால அந்தக் குதிரையை விட ஏலாது."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. என்னைத் தூக்கின மாதிரி மற்றப் பக்கம் என்னத்தையாவது தூக்கிக்கொண்டு திரியுங்கோ. வண்டிலில ஒரு பக்கம் பாரம் கூடினா மற்றப் பக்கம் ஏத்திறதுதானே."

அன்று தொடக்கம் என் வலப்பக்க இடுப்பில் ஒரு பசுமதி அரிசி மூட்டை ஏறியது. அதை அணைத்துக்கொண்டே கறி தாளித்தேன், உடுப்புக் காயப்போட்டேன். "என்னப்பா, உமக்கு என்ன நடந்தது?" என்று கணவர் கேட்டார். விசயத்தைச் சொன்னதும், "அரிசிப் பிள்ளைக்கு இன்னும் சோறு தீத்தேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறிகிற்றவிடம் மூட்டை பற்றி மூச்சுவிடவில்லை. சேணத்தில் இருக்கும்போது அவர் சொன்னதையெல்லாம் செய்தேன்: சேணத்தில் கால் வைக்கிற வளையங்களைக் கழற்றி வைத்து, கையை உயர்த்தி, மூச்சை அடிவயிற்றுக்கு விட்டு.

வசந்தம் முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. இடப்பக்கமாகத் திரும்பினோம். லோற்ற வெளியே வழுகவில்லை. அவளுடைய முதுகு எனக்குக் கீழே மெல்ல உயர்ந்தது, கழுத்துத் தளர்ந்தது, வட்டம் வட்டமாகவே வந்து முடிந்தது. பிறிகிற்ற கத்தவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதே நேரம் இடப்பக்கம் ஒரேயடியாக வெறுமையாகிப் போனது. கண்ணீர் வந்தது. எங்காவது நோகிறதா என்று பிறிகிற்ற ஓடி வந்தார். இல்லை, நல்லாக இருக்கிறது என்றேன். நோகிறதும் நல்லாக இருக்கிறதும் இரண்டும் உண்மைதான், ஆனால் அதை ஜேர்மன் மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லோற்ற என்னிடமே இருக்கலாம் என்று அன்று முடிவாகியது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது பிறிகிற்ற விரலைக் காட்டி எச்சரித்தார்: இடப்பக்கம் ஒன்றும் தூக்கக்கூடாது. நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். வட்டக்கச்சியில் வாசலுக்கு வந்த ரூபன், ஒன்றரை வயது மகள் கயலை அப்படியே என் கையில் தந்தான். வலப்பக்கம் வைத்தேன். நெளிந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு தகப்பனைப் போலவே கத்தினாள். இடப்பக்கம் மாற்றினேன். இடுப்பு என்னைக் கேட்காமலே உயர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது. அழுகை நின்றது.

ரூபன் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, அந்தக் குதிரைக்கார மனுசி கண்டா உங்களைக் கலைச்சு விடப் போறா. இறக்கி விடுங்கோ."

"சும்மா இரடா. குதிரை அங்கயெல்லோ நிக்குது."

ஊரில் நின்ற நாளெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், கடைக்கு, கோயிலுக்கு, வாய்க்கால் கரைக்கு. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் தூக்கினேன்.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, லாயத்துப் படலையிலிருந்து நான் நடந்து வருவதைப் பிறிகிற்ற பார்த்துக்கொண்டு நின்றார். ஏறவே தேவைப்படவில்லை.

"யார்?" என்று கேட்டார்.

"தம்பியின் மகள்."

"பாரமா?"

"பாரம்தான்."

என் கையிலிருந்த சேணத்தை வாங்கித் திரும்ப அதன் இடத்தில் கொழுவினார். "இடுப்பு இறங்கும் வரைக்கும் ஏறாதே. கூட நட" என்றார். அந்த முகத்தில் இருந்தது சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

குதிரையின் இடப்பக்கத்தில் நின்று அதை நடத்துவது இங்கே வழக்கம். அதனால் லோற்ற எனக்கு வலப்பக்கமாக வந்தாள். அவளுடைய கயிறு என் வலக்கையில் இருந்தது, மூச்சுத் தோளில் பட்டது. இருவரும் ஆறுதலாக வட்டம் நடந்தோம். சிறிது நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். என் இடக்கை வளைந்து இடுப்புக்கு மேலே நின்றது, தூங்குகிற பிள்ளை சரிந்துவிடாமல் பிடித்திருக்கிற மாதிரி.