ஊருக்குத் தேற்றிய உடம்பு

எங்கள் கிட்டங்கியில் தொப்பைக்குத்தான் மரியாதை. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பக்கத்தில், ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டு வட்டிக்கடை நடத்தி, அங்கேயே உண்டு உறங்கிய கூட்டம் நாங்கள். மூன்று வருடத் தவணை முடிந்து கப்பலேறுகிறவன் மெலிந்து போகக் கூடாது. போனால், அக்கரைச் சீமையில் சோற்றுக்கே வழியில்லையா என்று மாமனார் வீட்டில் கேட்பார்கள். அதனால் கடைசி ஆறு மாதம் அவனைத் தேற்றுவார்கள். தேற்றுவதாம்! கோயிலுக்குக் கிடா வளர்ப்பதும் அப்படித்தான்.

அந்த வருடம் ஊருக்குப் போகிற முறை என் அண்ணனுக்கு. அவர் பினாங்கு வந்த பிறகு ஊரில் மகள் பிறந்திருந்தாள்; முகம்கூடப் பார்த்ததில்லை. அவளைத் தூக்கப்போகிற நினைப்பிலேயே, போட்டதையெல்லாம் தின்றார். நெய், வறுவல், பாயசம், மறுபடி நெய். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. மற்றவர்கள் அவர் வயிற்றைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் விஷக்காய்ச்சல் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கஞ்சிக்கு இல்லாதவன் சாகிறான், நமக்கென்ன என்றார் எங்கள் மூத்த மேலாள், ஏப்பம் விட்டபடி. பிறகு கிட்டங்கியில் எல்லோரும் படுத்தோம். நோஞ்சான் நான் எழுந்துவிட்டேன். அண்ணன் எழவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தது. பார்க்க வந்த டாக்டர், கனத்த உடம்புக்காரர்களை இந்தக் காய்ச்சல் சீக்கிரம் அமுக்கிவிடுகிறது, சாய்த்து உட்காரவையுங்கள், கஞ்சித்தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலாள் கேட்டால்தானே.

"சதை இருக்கு, தாங்கும். இப்பப் பட்டினி போட்டா ஆறு மாசமாத் தேத்துனதெல்லாம் வீணாயிரும்," என்றார். நெய் ஊற்றிப் பிசைந்த சோற்றை அண்ணன் வாயில் திணித்தார்கள். கடைவாயில் கோழையோடு வழிந்ததை நான்தான் துடைத்தேன். அந்த நாற்றம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

"வேணாம்னு சொல்லுடா தம்பி," என்றார் அண்ணன்.

சொன்னேன். சின்னப் பயல், வாயை மூடு என்றார்கள். மறுநாள் விடியுமுன் மூச்சு நின்றது. பாடை தூக்கியவர்கள் வழியெல்லாம் கனம் கனம் என்று முனகினார்கள், பாவிகள்.

கருமாதி அன்று பந்தியில் உட்காரவைத்தார்கள். அண்ணன் போகவேண்டிய கப்பலில் நான் போவதென்று முடிவாகியிருந்தது. மேலாள் குனிந்து, தன் கையாலேயே என் இலையில் நெய்யைக் கவிழ்த்தார்.

"நல்லாச் சாப்பிடு தம்பி. எலும்பும் தோலுமா ஊர்ல போய் எறங்குனா நமக்குத்தானே கேவலம்."

இலையிலேயே வாந்தி எடுத்தேன். வெறும் வயிறு, அதுதான் குமட்டுகிறது என்று சொல்லி, எனக்கு இன்னொரு இலை போட்டார்கள்.