பாதியில் நின்ற விமானம்

தேவாரத்தில் என் வீட்டுக்காரர் சுருளியாண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது பிழைப்பு. பைத்தியம் புராணத்தின் மேல். காயில் சுற்றிக்கொண்டே இந்திரனையும் எமனையும் வம்புக்கு இழுப்பார். சோறு ஆறுதே என்று கத்துவேன். "எமன் வாயில ஒரு வசனம் மாட்டிக்கிருச்சு, எடுத்துட்டு வந்துர்றேன்" என்பார். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அந்தக் குரலுக்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்குக் கோயில் நாடகம் எழுதுவது அவர்தான். கடைசியாக எழுதியதில், மழையில்லாத ஊருக்கு வரம் கொடுக்கப் பெருமாள் விமானத்தில் வருகிறார். விமானம் பழுதாகி அந்தரத்தில் நிற்கிறது. கும்பிட்டுக்கிடந்த சனம் எழுந்து, "சாமி, பயப்படாதீக, நாங்க இருக்கோம்" என்று கயிறு கட்டி இறக்குகிறது. "இனி உங்களுக்கு வரம் எதற்கு?" என்று பெருமாள் சிரிக்கிறார்.

கோயில் தலைவர் சீனிச்சாமி, எனக்குப் பெரியப்பா முறை. படித்துவிட்டுக் கொதித்துப்போனார். "என்ன மாப்ள, சாமிய மனுசன் இறக்கிவிடுறதா? விமானம் தானா இறங்கட்டும். இல்லைன்னா நாடகமே வேணாம்."

சரியென்று வந்த மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை. "அந்த முடிவுக்காகத்தான் மொக்கம்மா, மொத்தத்தையும் எழுதுனேன்" என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மேடையில் விமானத்தை மேலிருந்து இறக்க மோட்டாரை அவரே பூட்டினார். பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வடத்தையும் தொங்கவிட்டார். எதற்கு என்றேன். "மோட்டார முழுசா நம்ப முடியுமா?" என்றார்.

நாடகத்தன்று பால்காரர் தங்கப்பாண்டி, மேலெல்லாம் நீலம் பூசி விமானத்தில் இறங்கினார். குலவை போட்டோம். பாதியில் மோட்டார் நின்றது. விளக்கு எரிகிறது, மைக் பேசுகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை. பெருமாள் சங்கைப் போட்டுவிட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்து, "ஏலே சுருளி, தல சுத்துதுலே!" என்று அலறினார்.

முதலில் எழுந்து ஓடியவர் சீனிச்சாமி பெரியப்பாதான். அண்ணாந்து பார்த்து, "சாமி, பயப்படாதீக! நாங்க இருக்கோம்!" என்று வடத்தைப் பிடித்தார். பின்னாலேயே ஊர் ஓடியது. பெருமாள் கால் தரையில் பட்டதும் எழுந்த சத்தம் இருக்கிறதே, அம்மாடி! சுவிட்சுப் பலகை பக்கத்தில் நின்று என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் மோட்டாரின் பியூஸ் கட்டை இருந்தது. என்னங்க இது என்றேன்.

"அட, இங்கனதான் இருக்கா? எங்கெல்லாம் தேடுனேன்!"

திருட்டு மனுஷன்!

அவர் போன பிறகும் ஒவ்வொரு சித்திரைக்கும் பெருமாளை ஊர்தான் இழுத்து இறக்குகிறது. வடத்துக்கு மஞ்சள் பூசி மாலை போடுகிறார்கள். பிள்ளையில்லாதவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இந்த வருஷம் இளவட்டங்கள் ரிமோட்டில் ஓடும் புது மோட்டாரோடு வந்தார்கள். பெரியப்பாவுக்கு அதே கொதிப்பு.

"ஏலே, நம்ம கை படாம சாமி எப்பிடிடா இறங்கும்? காலங்காலமா இருக்குற வழக்கத்த மாத்துவீகளோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போய் அவருக்குப் பின்னால் வடத்தைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இழு ஆத்தா. சாமி நம்மள நம்பித்தான் மேல நிக்குது."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பியூஸ் கட்டை இடுப்பில் உறுத்தியது. அழுதுகொண்டே இழுத்தேன்.