வைரவனின் நாலரை மணித் தேத்தண்ணி

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் வைரவன் ஊற்றும் தேத்தண்ணிக்குத் தனிப் பெயர் இருந்தது. ஒருநாள் காற்று திரும்பி அடித்ததில் அதன் வாசனை ஸ்டேஷன் வரைக்கும் இறங்கிப் போய்விட்டதாம். பதுளைக்குப் போகிற ரயிலின் சாரதி, சிக்னல் விழுந்த பிறகும் மூன்று நிமிஷம் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டே நின்றாராம். மூன்று நிமிஷம் கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைரவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்துப் பெக்டரியில் தூள் சலிக்கிற பகுதியில் முப்பது வருஷமாக வேலை. ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் தேய்த்து மோந்தால், எந்த மலைக் கொழுந்து, மழைக்கு முன்னே பறித்ததா பின்னே பறித்ததா என்று சொல்லிவிடுவான். மூக்கு அப்படி. வாய்தான் வராது. சமையலும் வராது, ஒருமுறை அவன் ஆக்கிய சோற்றைக் கோழி மோந்து பார்த்துவிட்டு அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்குக் குடிபோய்விட்டது. ஆகவே பெண்டாட்டி அன்னம்மாவிடம் அவனுக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் தேத்தண்ணியாகத்தான் ஊற்றிக் கொடுத்தான்.

கல்யாணம் கட்டிய மறுநாள் தொடங்கியது அது. பெரட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் அரக்கப்பரக்க எழும்பினாள். பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம்தான் பெரட்டு. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அடுப்படியில் அவன் ஒரு தம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். நேரம் நாலரை. அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம், ஒருநாள் தவறவில்லை. அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தால் மேல் கொத்மலை அணைக்கு இன்னொரு கதவு போட வேண்டி வந்திருக்கும்.

போன வருஷக் கடைசியில் அன்னம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் வெட்டுவதற்கு உடம்பில் இரத்தம் வேண்டும். பத்து இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஏழுதான் இருந்தது. இரும்புக் குளிசைகளை ஒரு பை நிறையக் கொடுத்து, ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

குளிசையை வைரவன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அவள் மறந்துவிடுவாள், அவன் மறக்க மாட்டான். காலை நாலரைக்குக் குளிசையைப் பிரித்து அவள் கையில் வைத்து, சுடச்சுடத் தேத்தண்ணியையும் கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். ஐந்து மாதம். கோயில் பூசாரி கூட ஒருநாள் இரண்டுநாள் சளி என்று படுத்திருப்பார், இவன் படுக்கவில்லை.

ஐந்து மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதல் தடவை ஏழரை. இரண்டாம் தடவையும் ஏழரை. டொக்டர் முகத்தைச் சுளித்தார். ஜூன் பதினைந்துக்கு ஒரு திகதி போட்டுக் கொடுத்து, அந்த மாதக் கடைசியில் தனக்கு மாற்றம் என்றும், அதற்குள் பத்து வராவிட்டால் பெயர் கண்டிக்குப் போய்விடும், அங்கே வரிசை ஒரு வருஷத்துக்கு நீளும் என்றும் சொன்னார். ஒரு வருஷம் இப்படியே இரத்தம் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அன்னம்மா படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்க்கிற எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் பதினைந்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் தோட்டத்துக் கிளினிக்கில் ஜெயமலர் மிஸ்ஸி வைரவனைப் பிடித்து நிறுத்தினாள். யாழ்ப்பாணத்துப் பெண், மருத்துவமாதாக வந்து நாலு வருஷம். அன்னம்மாவின் கொப்பியைப் புரட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ குளிசை போடுறேல்லையோ அண்ணை?"

"என்னங்க மிஸ்ஸி இப்படிக் கேட்டுட்டீங்க. ஒருநாள் விடல. நானே என் கையால குடுக்கிறேன்."

"என்னத்தோட குடுக்கிறனீங்கள்?"

வைரவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இந்தக் கேள்விக்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தவன் போல் இருந்தது. "தேத்தண்ணியோடங்க. நல்ல சாயமா, கடுப்பா, சுடச்சுட."

ஜெயமலர் பேனையை வைத்துவிட்டாள். "அண்ணை, உந்தத் தேத்தண்ணியில இருக்கிற துவர் இருக்கெல்லோ, அது இரும்பைப் பிடிச்சு வச்சுக்கொண்டு உடம்புக்க விடாது. நீங்கள் ஒரு கையால குடுத்து மற்றக் கையால பறிச்சிருக்கிறியள்."

வைரவனின் காது சிவந்தது.

அவள் மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். குளிசையை வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு கொடுக்க வேண்டும். புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பாட்டுக்கு முன்னே ஒரு மணித்தியாலம், பின்னே இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி கூடாது. பாலும் குளிசையோடு சேராது. வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ எது கிடைத்தாலும் சுண்டி, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிய வேண்டும். நெத்தலி, முட்டை, கிடைத்தால் ஈரல். இல்லாவிட்டால் பருப்பும் கடலையும், கூட ஒரு கொய்யாப்பழம்.

"தேத்தண்ணியை விடச் சொல்லேல்ல," என்றாள். "நேரத்தை மாத்துங்கோ."

"எந்த நேரத்துக்கு மிஸ்ஸி?"

மலைப் பெண்ணுக்கு எந்த நேரம் இருக்கிறது? விடிய எழும்பியதும் தேத்தண்ணி. பத்து மணிக்கு மலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சோறு, அதன் மேல் ஒரு தேத்தண்ணி. சாயங்காலம் யாராவது வந்தால் தேத்தண்ணி. யாரும் வராவிட்டால், ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று ஒரு தேத்தண்ணி.

மறுநாள் நாலரைக்கு அன்னம்மாவின் கையில் தேசிக்காய்த் தண்ணி வந்தது. குடித்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். கேத்தல் கவிழ்ந்து கிடந்தது.

"அப்ப சாயம்?"

"இல்ல புள்ள."

"எப்ப?"

"சாயங்காலம். நீ மலையில இருந்து எறங்குனதும்."

அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக வைரவனுக்கு விடிகாலையில் வேலை இல்லை. அடுப்பில் வெந்நீர் கொதித்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். கொதித்துக் கொதித்து வற்றியது.

அவனால் முடிந்ததையெல்லாம் செய்தான். சாயங்காலம் ஐந்துக்கு வீட்டில் இருப்பதற்காகப் பெக்டரியில் முறை மாற்றிக்கொண்டான். ஓடைக்கரையில் வல்லாரை பிடுங்கினான். கொய்யாப்பழத்துக்காக லயத்துக்குப் பின்னாலுள்ள மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் அரைமணி நேரம் கிளையிலேயே உட்கார்ந்திருந்தான். கீழே போன அடுத்த லயத்துச் செல்லசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வைரவா, வௌவாலுக்குப் போட்டியா?"

"பொஞ்சாதிக்குண்ணே."

"அப்ப இன்னும் ரெண்டு பறி. ஏறுன ஏத்தத்துக்கு ஒண்ணு காணாது."

ஆனால் மலைக்கு அவன் கூடப் போக முடியாது. பத்து மணிக்கு ரொட்டியோடு வாளித் தேத்தண்ணி வரும்போது பக்கத்தில் நிற்க முடியாது. போத்தலில் சுடுதண்ணி கொடுத்துவிட்டான். அது பக்கத்து வீட்டுக் கிருஷாந்தியின் வாயில் அகப்பட்டுக்கொண்டது. ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவள் அவள். "தேயிலக் காட்டுல நின்னுக்கிட்டு சுடுதண்ணி குடிக்கிறவ நீ ஒருத்திதான்க்கா. ஆத்துல நின்னு வேர்வையில குளிக்கிற மாதிரி" என்று மலை முழுக்கச் சிரிக்க வைத்தாளாம்.

இரண்டாம் வாரம் ஒருநாள், மலையிலிருந்து இறங்கி வந்த அன்னம்மா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு மூச்சு விட்டாள். வைரவனின் மூக்கு சும்மா இருக்கவில்லை. தேத்தண்ணி. மலையில் வருகிற வாளித் தேத்தண்ணி அல்ல. டஸ்ட் தூள், சீனி இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டது. இஞ்சி போடுகிற அடுப்படி அந்த லயத்தில் ஒன்றே ஒன்றுதான்: கிருஷாந்தியுடையது. குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கூட மூக்கு சொல்லிவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு மேலேயே குடித்திருக்கிறாள்.

"மத்தியானம் ஏதாச்சும் குடிச்சியா புள்ள?"

"தண்ணிதான் குடிச்சேன்."

அதற்கு மேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்கலாம், ஆனால் ஐந்து மாதம் தினமும் நஞ்சை ஊற்றுகிற மாதிரி ஊற்றிக் கொடுத்தது யார் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அவள் அப்படிக் கேட்கிறவள் அல்ல. அதனால்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாளும் இஞ்சி. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள், தலையைத் திருப்பிக்கொண்டு அவளே சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுங்க. உங்க மூக்கு எனக்குத் தெரியாதா. காலையில அது இல்லாமப் போனா தலை வெடிக்குது, பத்துக் கிலோ பறிக்கக் கை வரமாட்டேங்குது. கிலோ இல்லைன்னா அரைப் பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான். மத்தியானம் அந்த ஒரு மடக்கு உள்ள போனாத்தான் மறுபடி மலை ஏறுறேன்."

"அப்ப பாதி தம்ளரா குடி."

"பாதிதான் குடிக்கிறேன்."

அது முழுத் தம்ளர் என்று அவன் மூக்குக்குத் தெரியும். தலையை ஆட்டினான். ஐந்து மணி ஆகியிருந்தது. எழும்பிப் போய்த் தன் கையால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். மிஸ்ஸியின் சட்டப்படி அந்த நேரத்தில் குடிக்கலாம். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

ஜூன் பதினைந்தாம் திகதி முதல் பஸ்ஸில் போனார்கள். விரலில் அல்ல, கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வைரவன் மனதுக்குள் வல்லாரையை, கொய்யாவை, நெத்தலியை, ஒருமுறை கிடைத்த ஈரலை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் உடம்புக்குள் இறக்கிப் பார்த்தான். இருக்கும். பத்து இருக்கத்தான் வேண்டும்.

தாதி துண்டோடு வெளியே வந்தாள்.

"தவ பொட்டக் அடுய்."

இன்னும் கொஞ்சம் குறைவு என்கிறாள். துண்டில் ஒன்பது புள்ளி ஏழு என்றிருந்தது. வைரவன் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினான், பிறகு தெரியாத சிங்களத்தில் கெஞ்சினான். அவள் பாவம், உள்ளே போய் டொக்டரையே கேட்டுவிட்டு வந்தாள். நல்லா ஏறியிருக்கிறதாம், இதையே விடாமல் செய்யச் சொன்னாராம். ஆனால் அறுக்க முடியாதாம். மயக்க மருந்து கொடுக்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டாராம். பெயரைக் கண்டிக்கு எழுதியாயிற்று.

குறைந்து போன அந்தப் புள்ளி மூன்று எங்கே இருக்கிறது என்று வைரவனுக்குத் தெரியும். கிருஷாந்தி வீட்டுத் தம்ளரில் கொஞ்சம், தன் வீட்டுக் கேத்தலில் மிச்சம். எது கூட, எது குறைய என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தேத்தண்ணிக் கடை. அன்னம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வைரவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். குளிசை நாலரைக்கு. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, பதினொன்று ஆகிறது. பஸ் பன்னிரண்டரைக்கு. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன மூன்று மணியாகும்.

"இப்ப குடிக்கலாம் புள்ள. பிழையில்ல."

ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அவள் ஒரு மடக்கு குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கினாள்.

"இதெல்லாம் ஒரு சாயமாங்க. கண்ணாடி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு," என்றாள். "உங்க கையால குடிச்சுக் குடிச்சு நாக்குக் கெட்டுப்போச்சு."

தம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். ஏற்றத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் போன வைரவனும் நின்றான். அவளைத் தூக்கிவிடவும் முடியாது, மூச்சைக் கடன் கொடுக்கவும் முடியாது. பையைத் திறந்து, காலையில் வைத்திருந்த கொய்யாப்பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினான்.

"இதைத் தின்னு. பிறகு மெதுவாப் போகலாம்."